கல்லாதவர் யார்?

எருசலேமில் தலைமைச் சங்கம் கூடியிருக்கிறது. தலைவர்களும் மூப்பர்களும் மறைநூல் அறிஞர்களும் வந்திருக்கிறார்கள். அன்னாவும் கயபாவும் தலைமைக் குருவின் குடும்பத்தாரும் அமர்ந்திருக்கிறார்கள். கோவிலின் அழகுவாயிலருகே பிறவியிலேயே கால் ஊனமுற்ற ஒருவர் எழுந்து நடந்ததற்காக முந்திய நாள் மாலை பிடிக்கப்பட்ட இருவர் நடுவே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். இருவரும் கலிலேயக் கடலில் வலை வீசியவர்கள். அவர்களுள் மூத்தவராகிய பேதுரு, நம் முன்னோர் இராயப்பர் என்று அன்போடு அழைத்தவர், கேள்வி கேட்டவர்களே வாயடைத்துப் போகும்படி பேசுகிறார். சங்கத்தார் வியப்படைகிறார்கள். அந்த வியப்புக்குக் காரணம் கூறும் இடத்தில் (திப 4:13) புனித லூக்கா இரண்டு கிரேக்கச் சொற்களைப் பயன்படுத்துகிறார். ஒன்று ‘அக்ரம்மாத்தோஸ்’, எழுத்து அறியாதவர் என்பது அதன் நேர்ப்பொருள். மற்றொன்று ‘இடியோத்தெஸ்’. இலத்தீன் விவிலியம் இந்த இரண்டாம் சொல்லை மொழிபெயர்க்காமல் ‘இடியோத்தா’ என்று அப்படியே எடுத்துக்கொண்டது. இன்று நம் வீட்டுப் பிள்ளைகள்கூடச் சண்டையில் ஒருவரையொருவர் ‘இடியட்’ என்று ஏசுகிறார்களே, அந்த வசைச்சொல்லின் மூதாதை இதுதான்.

திருத்தூதர்களின் தலைவரைச் சுட்டிய ஒரு சொல் எவ்வாறு வசைச்சொல்லாயிற்று? இடைப்பட்ட நூற்றாண்டுகளில் திருச்சபை அதை யாரை நோக்கிச் சொன்னது? இந்த வரலாற்றைச் சற்றே நின்று நோக்குவது, சொல்லாராய்ச்சிக்காக மட்டும் நாம் மேற்கொள்ளும் வேலையன்று. ‘படிக்காதவர்’, ‘பாமரர்’ என்ற சொற்கள் இன்றும் நம் பங்குகளில் நாள்தோறும் புழங்குகின்றன. அவற்றைச் சொல்லும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதை இந்தப் பழைய சொல் நமக்குத் தெளிவாகக் காட்டும்.

சொல்லின் பிறப்பு

‘இடியோஸ்’ என்றால் ‘தனக்குரிய’ என்று பொருள். அதிலிருந்து பிறந்த ‘இடியோத்தெஸ்’, பொதுப்பதவி எதுவும் வகிக்காத தனிக்குடிமகனைக் குறித்தது. பின்னர் ஒரு கலையிலோ தொழிலிலோ பயிற்சி பெறாதவரையும் குறிக்கலாயிற்று. மருத்துவர் நடுவே மருத்துவம் பயிலாதவர் இடியோத்தெஸ். சொற்பொழிவாளர் நடுவே பேச்சுக்கலை பயிலாதவர் இடியோத்தெஸ். ஒரு துறையில் வல்லவரே மற்றொரு துறையில் இடியோத்தெஸ் ஆகலாம். ஆகவே இச்சொல் ஒருவருடைய அறிவின் அளவைச் சொல்லவில்லை. ஒரு வட்டத்துக்கு வெளியே அவர் நிற்கிறார் என்பதையே சொல்லிற்று. வட்டத்தை வரைந்தவர் யார் என்பது சொல்பவரைப் பொறுத்தது.

தலைமைச் சங்கத்தார் வரைந்த வட்டம் மறைநூல் அறிஞர்களின் பள்ளி. பெயர்பெற்ற போதகர் ஒருவரின் காலடியில் முறையாக அமர்ந்து திருச்சட்டம் பயின்றவரே அவர்கள் கணக்கில் கற்றவர். பேதுருவும் யோவானும் அப்படிப் பயின்றவர்கள் அல்லர். இதே வியப்பு ஆண்டவரைக் குறித்தும் முன்னரே எழுந்ததை யோவான் நற்செய்தி (7:15) பதிவு செய்திருக்கிறது. ஆனால் லூக்கா அங்கேயே நிறுத்திவிடவில்லை. இவர்கள் இயேசுவோடு இருந்தவர்கள் என்பதைச் சங்கத்தார் கண்டுகொண்டதாகவும் அதே வசனத்தில் எழுதுகிறார். அதாவது, கல்லாதவர் என்று எண்ணப்பட்ட இருவரும் உண்மையில் கற்றவர்கள். அவர்களுக்குக் கற்பித்தவரின் பெயர் சங்கத்தாரின் ஏட்டில் இடம்பெறவில்லை, அவ்வளவே.

நம் நாட்டில் சீர்திருத்தச் சபையார் வழங்கிய பழைய தமிழ் விவிலியம் இந்த இரண்டாம் சொல்லைப் ‘பேதைமையுள்ளவர்கள்’ என்று பெயர்த்தது. ‘பேதைமை’ இங்கே மிகக் கனத்த சொல். வள்ளுவர் கல்லாமைக்கு 41ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். பேதைமைக்கு 84ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். இரண்டையும் அவர் ஒன்றாகக் கருதவில்லை. கல்லாமையைக் கடிந்த கையோடு அடுத்த அதிகாரத்திற்கு அவர் இட்ட பெயர் ‘கேள்வி’ என்பது இன்னும் சிறப்பு. கல்லாதவருக்கும் கேட்டு அறியும் வழி திறந்திருக்கிறது என்பது அந்த வைப்புமுறையிலேயே விளங்குகிறது. பேதுருவும் யோவானும் பெற்ற கல்வி இத்தகையதே. படகிலும் வழியிலும் பந்தியிலும் ஆண்டவரோடிருந்து கேட்டுப் பெற்ற கல்வி அது.

யூத மரபில் இதற்கு இணையான ஒரு சொல் உண்டு. ‘அம் ஹாஆரெட்ஸ்’ என்ற எபிரேயத் தொடருக்கு ‘நாட்டு மக்கள்’ என்று பொருள். அரசர்கள் நூலில் இது பெருமைக்குரிய பெயர். கொலைச் சதிக்குப்பின் யோசியாவை அரியணையில் ஏற்றியவர்கள் இந்த ‘நாட்டு மக்களே’ (2 அர 21:24). சில நூற்றாண்டுகள் சென்றபின், போதகர்களின் பேச்சில் அதே தொடர் திருச்சட்டம் அறியாத கூட்டத்தாரைக் குறிக்கும் ஏளனப் பெயராயிற்று. திருச்சட்டம் தெரியாத இந்த மக்கள் கூட்டம் சாபத்துக்குள்ளானது என்று பரிசேயர் சீறியதாக யோவான் 7:49 கூறும் இடத்தில் நாம் கேட்பது அந்த மனப்பான்மையைத்தான். மண்ணுக்கு உரியவர்கள் என்ற பெயர் மதிப்பற்றவர்கள் என்ற பெயராக மாறியது. மாறியவர்கள் மக்கள் அல்லர்; அவர்களை நோக்கியவர்களின் பார்வையே மாறிற்று.

பவுலடியார் கேட்ட கேள்வி

புதிய ஏற்பாட்டில் ‘இடியோத்தெஸ்’ மீண்டும் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட திருமுகங்களில் வருகிறது. கொரிந்துச் சபையில் சிலர் பரவச நிலையில் பிறருக்குப் புரியாத மொழிகளில் இறைவேண்டல் செய்தனர். அதைப் பெரும்பேறாகவும் கருதினர். பவுலடியார் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார் (1 கொரி 14:16). நீங்கள் சொல்வது விளங்காதபோது, அங்கே இடியோத்தெஸின் இடத்தில் இருப்பவர் உங்கள் நன்றிமன்றாட்டுக்கு எவ்வாறு ‘ஆமென்’ சொல்வார்?

இந்தக் கேள்வியின் ஆழத்தை நாம் கவனிக்க வேண்டும். விளங்காமல் போனால் குறை கேட்பவருடையது என்பது உலக வழக்கு. பவுலடியாரோ பொறுப்பைப் பேசுகிறவர்மேல் சுமத்துகிறார். கல்லாதவரின் ‘ஆமென்’ இல்லாமல் கற்றவரின் மன்றாட்டு சபையின் மன்றாட்டாக முழுமை பெறாது என்பது அவர் கருத்து. அதோடு நில்லாமல், இரண்டாம் திருமுகத்தில் (11:6) அச்சொல்லைத் தமக்கே சூட்டிக்கொள்கிறார். பேச்சில் தாம் இடியோத்தெஸ், அறிவில் அப்படியல்ல என்கிறார். கமாலியேலிடம் பயின்ற ஒருவர், கொரிந்தின் பகட்டுப் பேச்சாளர்களுக்கு எதிரே, வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களோடு தம்மையும் நிறுத்திக்கொள்கிறார்.

தொடக்கத் திருச்சபையின் பகைவர்கள் இந்தப் பெயரை அதன்மேல் எறியத் தவறவில்லை. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சுஸ் என்ற தத்துவ அறிஞர், கம்பளி வேலை செய்வோரும் செருப்புத் தைப்போரும் துணி வெளுப்போரும் போதிக்கும் மதம் என்று கிறிஸ்தவத்தை ஏளனம் செய்தார். 3ஆம் நூற்றாண்டில் ஒரிஜன் அவருக்கு விரிவான மறுப்பு எழுதினார். எல்லாரையும் கற்றவர்களாக்குவதே எங்கள் விருப்பம். ஆனால் கற்றவர்களுக்கு மட்டும் வைத்தியம் செய்யும் மருத்துவமனை எங்களுடையதன்று என்பதே அந்த மறுப்பின் சாரம்.

நாம் வனத்து அந்தோனியார் என்று வணங்கும் எகிப்தியத் துறவி எழுத்துக் கற்கவில்லை என்று அவர் வரலாற்றை எழுதிய புனித அத்தனாசியார் கூறுகிறார். வாசிக்கக் கேட்டதையெல்லாம் மனத்தில் இருத்தி, நினைவையே நூலாகக் கொண்டார். ஏளனம் செய்ய வந்த தத்துவ அறிஞர்களிடம், மனம் முந்தியதா எழுத்து முந்தியதா என்று கேட்டார். மனமே முந்தியது என்று அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த அந்தோனியாரின் கதையைத்தான் 386இல் மிலான் நகரில் ஒரு நண்பர் வாயிலாக அகுஸ்தினார் கேட்டார். கல்லாதவர்கள் எழுந்து விண்ணகத்தைக் கைப்பற்றிக்கொண்டிருக்க, கல்வியெல்லாம் கற்ற நாமோ சேற்றில் புரள்கிறோமே என்ற பொருள்பட அவர் தம் தோழர் அலிப்பியுசிடம் கதறினார். அவர் மனமாற்றம் அன்றே நிகழ்ந்தது.

ஆயினும் அகுஸ்தினார் கல்லாமையைப் புகழ்ந்து பாடி அமர்ந்துவிடவில்லை. ஏறத்தாழ 400ஆம் ஆண்டில் கார்த்தேஜ் நகரத் திருத்தொண்டர் தெயோகிராசியாஸ், புதிதாக வருவோர்க்கு மறைக்கல்வி கற்பிப்பதில் தமக்குச் சலிப்பு உண்டாவதாக அவரிடம் முறையிட்டார். அதற்கு விடையாக எழுந்த நூல் ‘ரூதெஸ்’ என்பாருக்கு மறைக்கல்வி அளிக்கும் முறை பற்றியது. ‘ரூதிஸ்’ என்ற இலத்தீன் சொல்லுக்குப் பண்படுத்தப்படாதது, இன்னும் கைவேலைப்பாடு பெறாதது என்று பொருள். அந்த நூலில் நாம் வியக்கும் செய்திகள் இரண்டு. சொல்லாற்றலும் இலக்கணமும் கற்று வரும் மேட்டுக்குடியினரையும் அகுஸ்தினார் ‘ரூதெஸ்’ என்ற தலைப்பின்கீழ்தான் வைக்கிறார். குருக்களின் மன்றாட்டில் இலக்கணப் பிழை கண்டு நகைக்காதிருக்க அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்கிறார். மற்றொன்று, கேட்பவர் களைத்துப்போனால் அவரை உட்கார வையுங்கள் என்கிறார். நின்று கேட்கும் வழக்கம் இருந்த நாட்டில், களைப்பைக் கேட்பவரின் மந்தபுத்தியாகக் கொள்ளாமல் கால்வலியாகக் கண்ட ஆசிரியர் அவர்.

இலத்தீன் மதில்

பெரிய கிரகோரியார் திருத்தந்தையாக இருந்த காலத்தில், மார்சேய் ஆயர் செரேனுஸ் மக்கள் படங்களை ஆராதிக்கிறார்கள் என்று கண்டு அவற்றை உடைத்தெறிந்தார். 600ஆம் ஆண்டில் அவருக்கு எழுதிய மடலில் திருத்தந்தை, படங்களை ஆராதிப்பதைத் தடுத்தது சரி, உடைத்தது தவறு என்று கண்டித்தார். வாசிப்போர்க்கு எழுத்து எதுவோ, அது ‘இடியோத்தா’ எனப்படுவோர்க்குப் படம் என்பது அவர் காட்டிய காரணம். நம் கோவில்களின் சுரூபங்களுக்கும் சிலுவைப்பாதைப் படங்களுக்கும் பின்னே நிற்கும் நியாயங்களுள் இது பழமையானது. இங்கே இடியோத்தா என்பது இழிசொல் அன்று. அவருக்கும் வாசிக்க ஒரு நூல் வேண்டும் என்ற அக்கறையே அதில் ஒலிக்கிறது.

பின்வந்த நூற்றாண்டுகளில் நிலை மாறியது. மேற்கு ஐரோப்பாவில் கற்றவர் என்றால் இலத்தீன் அறிந்தவர் என்று ஆயிற்று. இலத்தீன் அறிந்தவர் பெரும்பாலும் திருநிலையினர். ஆகவே பொதுநிலையினர் என்ற சொல்லும் கல்லாதவர் என்ற சொல்லும் ஏறக்குறைய ஒரே பொருளில் வழங்கின. தாய்மொழியில் காவியம் கேட்டுச் சுவைத்தவரும், கணக்கு எழுதி வாணிபம் நடத்தியவரும், கட்டடம் எழுப்பிய கைவினைஞரும் இலத்தீன் மதிலுக்கு வெளியே நின்றதால் ‘இடியோத்தா’ ஆயினர்.

1179இல் உரோமையில் மூன்றாம் இலாத்தரன் திருச்சங்கம் கூடியபோது, லியோன் நகர வணிகர் வால்தேசைப் பின்பற்றியவர்கள் போதிக்க அனுமதி வேண்டி வந்தனர். வால்தேஸ் தம் செல்வத்தைத் துறந்தவர். மறைநூல் பகுதிகளைத் தம் மக்கள் மொழியில் பெயர்ப்பித்தவர். அவர்களைச் சோதித்தவர்களுள் ஒருவரான வால்டர் மேப் என்ற ஆங்கிலக் குரு நடந்ததைப் பின்னர் எழுதிவைத்தார். தந்தையில் நம்புகிறீர்களா, மகனில் நம்புகிறீர்களா, தூய ஆவியில் நம்புகிறீர்களா என்று கேட்டபோது, நம்புகிறோம் என்றனர். கிறிஸ்துவின் அன்னையில் நம்புகிறீர்களா என்று கேட்டபோதும் அவ்வாறே விடையளித்தனர். கடவுளுக்கு மட்டும் உரிய சொல்லாட்சியை அன்னைக்கும் ஏற்றிவிட்டார்கள் என்று அறிஞர்கள் கூடிச் சிரித்தனர். வந்தவர்கள் நாணித் திரும்பினர். 1184இல் இவ்வியக்கம் விலக்கப்பட்டது. அவர்கள் பின்னர் சென்ற வழியை நாம் சரியென்று சொல்லவில்லை. ஆனால் அன்று சங்கத்தில் எழுந்த சிரிப்பு எவரையும் சரியான வழிக்குக் கொண்டுவரவில்லை என்பதை வரலாறு காட்டுகிறது. பிழையாக விடை சொன்னவர்களுக்கு, அருகே அமர்ந்து சரியான விடையைச் சொல்லிக்கொடுக்கப் பலர் முன்வந்ததாக வால்டர் மேப் எழுதவில்லை.

முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1209இல் அசிசி நகரிலிருந்து சில எளிய மனிதர்கள் உரோமைக்கு வந்தனர். திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் அவர்களுக்குச் செவிகொடுத்தார். வாய்மொழியாக இசைவும் அளித்தார். அவர்களின் தலைவராகிய புனித பிரான்சிஸ், 1226இல் தம் இறுதிச் சாசனத்தில் தொடக்க நாள்களை நினைவுகூரும்போது, தாங்கள் ‘இடியோத்தா’க்களாகவும் எல்லாருக்கும் பணிந்தவர்களாகவும் இருந்ததாகச் சொல்கிறார். ஏளனத்திற்கு ஆயுதமாயிருந்த சொல்லை அவர் அணிகலனாக அணிந்துகொண்டார். அவர் எழுத்தே அறியாதவர் அல்லர். சகோதரர் லியோவுக்கு அவர் கைப்பட எழுதிய ஏடு இன்றும் அசிசியில் காக்கப்படுகிறது. ஆயினும் வட்டத்துக்கு வெளியே நிற்பதையே அவர் விரும்பித் தேர்ந்தார்.

பிரான்சிஸ்கன் மரபில் ஒரு கதை வழங்குகிறது. எளிய சகோதரர் எஜிதியுஸ், பேரறிஞரான புனித பொனவெந்தூரிடம், எழுத்தறியாத ஒரு கிழவி உம்மைப் போல இறைவனை அன்புசெய்ய முடியுமா என்று கேட்டாராம். இறையியல் வல்லுநரைவிட அதிகமாகவே அன்புசெய்ய முடியும் என்று பொனவெந்தூர் விடையளித்தாராம். உடனே எஜிதியுஸ் எழுந்தோடி, வழியே சென்ற மூதாட்டி ஒருவரைக் கூவி அழைத்து இந்த நற்செய்தியை அறிவித்தாராம். 1450இல் கர்தினால் கூசா நிக்கோலாஸ் எழுதிய உரையாடல்களில் ‘இடியோத்தா’வே கதைத்தலைவர். மரக்கரண்டி செதுக்கிப் பிழைக்கும் அந்த மனிதர், உரோமையில் சொற்பொழிவாளருக்கும் தத்துவ அறிஞருக்கும் ஞானத்தைக் கற்பிக்கிறார்.

ஆனால் உலக வழக்கு வேறு திசையில் சென்றது. பயிற்சியில்லாதவர் என்ற பொருள் அறிவில்லாதவர் என்றும், பின்னர் அறிவுவளர்ச்சி குன்றியவர் என்றும் இறங்கிற்று. மருத்துவரும் சட்டம் வகுத்தோரும் அதை ஒரு வகைப்பாட்டுப் பெயராக்கினர். ஆங்கிலேயர் நம் நாட்டுக்கு இயற்றிய 1912ஆம் ஆண்டின் பித்தர் சட்டத்தின் வரையறையில் ‘இடியட்’ இடம்பெற்றிருந்தது. 1987இல் நிறைவேறிய மனநலச் சட்டம் வந்த பின்னரே அது விலகியது. திருத்தூதரைச் சுட்டிய சொல் இவ்வாறு நோயுற்றோரைக் குத்தும் சொல்லாகி, இறுதியில் தெருவோர வசையாக முடிந்தது.

நம் மண்ணில்

தமிழிலும் இத்தகைய வீழ்ச்சி உண்டு. ‘தற்குறி’ என்பது முதலில் மனிதரைக் குறித்த சொல்லன்று. எழுதத் தெரியாதவர் சாசனத்தில் தம் கைப்பட இடும் அடையாளம் அது. இது இன்னாருடைய குறிதான் என்று வேறொருவர் சான்றெழுதுவதைத் ‘தற்குறி மாட்டெறிதல்’ என்றனர். எழுத்தறியாதவரின் சொல்லும் ஊர் நடுவே செல்லும் என்பதற்கு அந்தக் குறி சாட்சி. பின்னர் குறி இட்டவரே ‘தற்குறி’ ஆனார், அப்பெயர் வசையுமாயிற்று. மேலைநாட்டில் எழுத்தறியாதவர் இட்ட குறி சிலுவை. ஒரு காலத்தில் அது இழிவாகக் கருதப்படவில்லை. 1072இல் வின்செஸ்டர் உடன்படிக்கையில் இங்கிலாந்தின் அரசர் வில்லியமும் அரசி மத்தில்தாவும் இட்டவை சிலுவைக் குறிகளே.

முத்துக்குளித்துறையில் 1542இல் வந்திறங்கிய புனித சவேரியார் பாரீஸ் பல்கலைக்கழகப் பட்டதாரி. ஆனால் மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் மீனவர் முன் நின்றபோது அவரே கல்லாதவர். தம் தாய்மொழி பாஸ்கு, மக்கள் மொழி வேறு, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியவில்லை என்று அவரே மடலில் எழுதினார். இரு மொழியும் ஓரளவு அறிந்த உள்ளூர்க்காரர் சிலரைக் கூட்டிவைத்து மந்திரங்களைத் தமிழாக்கச் செய்து, மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு தெருத்தெருவாகச் சென்று சிறுவர் சிறுமியரைக் கூட்டினார். அவர்கள் வீட்டுக்குச் சென்று பெற்றோருக்கும் அயலாருக்கும் கற்பித்தனர். தாம் இல்லாதபோது கற்பிக்க ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை அமர்த்தினார். போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்த பணத்தை அவர்களுடைய ஊதியத்துக்காகக் கேட்டுப் பெற்றார். இன்றைய உபதேசியாரின் முன்னோர் அவர்களே.

இதே கடற்கரை மக்களுக்காக அண்டிரிக் அடிகளார் உருவாக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20இல் கொல்லத்தில் அச்சேறியது. இந்திய மொழியொன்றில் அம்மொழியின் எழுத்திலேயே இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் பதினாறு பக்கங்கள் கொண்ட இந்த மறைக்கல்விச் சுவடி. அரசவைப் புலவர்க்கோ மடத்து வித்துவான்களுக்கோ அது எழுதப்படவில்லை. படகோட்டியும் முத்துக்குளித்தும் வாழ்ந்த எளியோர்க்கு எழுதப்பட்டது. பின்னர் வீரமாமுனிவர் உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ எழுதினார்.

இந்தப் பெருமையோடு ஒரு வேதனையையும் நாம் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழ் மண்ணில் பலர் கல்லாதவராயிருந்தது அவர்கள் தேர்வன்று. பிறப்பைக் காரணம் காட்டி எழுத்து அவர்களுக்கு மறுக்கப்பட்டது. மறுத்தவர்களே பின்னர் அவர்களைப் படிக்காதவர் என்று பழித்தனர். நம் கோவில்களும் நெடுங்காலம் அந்தப் பிரிவினையைத் தம் சுவர்களுக்குள்ளேயே இருக்க விட்டன. பிரான்சிஸ் விரும்பி ஏற்ற எளிமை வேறு. வேலியிட்டு ஒருவருக்கு மறுக்கப்பட்ட கல்வி வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதைப் புனிதமாக்குவது பெரும் அநீதி.

பவுலடியாரின் ‘ஆமென்’ கேள்வியும் நம் கோவில்களில் நெடுங்காலம் விடையின்றி நின்றது. திரிதெந்தின் பொதுச்சங்கம் 1562இல், திருப்பலி எங்கும் மக்கள் மொழியில் நிகழ்வது தக்கதன்று என்று முடிவு செய்தபோதே, திருப்பலியின் மறைபொருளை மேய்ப்பர்கள் அடிக்கடி விளக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இலத்தீன் நிலைத்தது, விளக்கமோ இடத்துக்கு இடம் மேய்ப்பரின் ஊக்கத்தைப் பொறுத்ததாயிற்று. நம் பாட்டிமார் திருப்பலி நேரத்தில் செபமாலை உருட்டினர். அவர்கள் பக்தியில் குறை காண்பார் யார்? எனினும் அவர்களுக்கு உரிய ‘ஆமென்’ அவர்கள் மொழியில் வந்தது, 1963 டிசம்பர் 4இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் வெளியான பின்னரே.

இரு கேள்விகள்

1858இல் லூர்து நகரில் பதினான்கு வயதுச் சிறுமி பெர்னதெத்துக்கு எழுத வாசிக்கத் தெரியாது. பிரெஞ்சு மொழி பேச வராது; மறைக்கல்வியை மனப்பாடம் செய்யவும் இயலவில்லை. அதனால் முதல் நன்மையும் வாங்காதிருந்தாள். மாசபியேல் கெபியில் தோன்றிய அன்னை அவளுடைய வட்டார மொழியில் பேசினார். அதுவும் ‘நீ’ என்று சொல்லாமல் ‘நீங்கள்’ என்று மரியாதைப் பன்மையில், தயைகூர்ந்து பதினைந்து நாள் இங்கே வருவீர்களா என்று கேட்டார். ஊரார் எவரும் அப்படிப் பேசியறியாத அந்த ஏழைச் சிறுமி இதை மறக்கவேயில்லை. அதே ஆண்டு சூன் 3இல் அவள் முதல் நன்மை வாங்கினாள். பின்னர் அருட்சகோதரிகளின் பள்ளியில் எழுத வாசிக்கவும் கற்றாள். விண்ணகம் தேர்ந்துகொண்டவளாயிற்றே, இனிக் கல்வி எதற்கு என்று திருச்சபை இருந்துவிடவில்லை. மரியாதையும் கிடைத்தது, கல்வியும் கிடைத்தது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகவில்லை.

இதுவே இவ்வரலாறு முழுவதும் நமக்குக் கற்பிக்கும் பாடம். ஒருவரைக் கல்லாதவர் என்று சொல்ல நா எழும்போது இரண்டு கேள்விகளை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கணக்கில் வராத எந்த ஆசிரியரிடம் இவர் கற்றிருக்கிறார்? இவருக்குக் கற்பிக்கக் கடன்பட்டவர் யார், அந்தக் கடன் ஏன் தீரவில்லை?

முதற் கேள்வி பணிவைத் தரும். காற்றின் போக்கைக் கண்டு கடலை அறியும் மீனவரும், ஐம்பது ஆண்டு நோயாளிக் கணவரைப் பேணி இறைவனின் பொறுமையைக் கற்ற தாயும் மறையுரையாளர்க்குச் சொல்லித்தர நிறைய வைத்திருக்கிறார்கள். நம்பிக்கையில் தவறாத உணர்வு இறைமக்கள் அனைவருக்கும் அருளப்பட்டிருக்கிறது என்று 1964இல் திருச்சபை பற்றிய சாசனம் (எண் 12) கற்பித்தது. இறையியல் பட்டம் பெற்றவர்க்கு மட்டும் என்று அது வரம்பிடவில்லை.

இரண்டாம் கேள்வி கடமையைத் தரும். 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு (229), கிறிஸ்தவப் படிப்பினையைத் தத்தம் ஆற்றலுக்கேற்பக் கற்பது பொதுநிலையினரின் கடமை மட்டுமன்று, உரிமையும் என்கிறது. உரிமை என்றால் கேட்டுப் பெறத்தக்கது என்று பொருள். திருத்தந்தை பிரான்சிஸ் 2021 மே 10இல் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். ஊதியம் அற்பமாயினும் ஊரூராக நடந்து மந்திரம் சொல்லிக்கொடுத்த நம் பழைய உபதேசியார்களுக்குக் காலம் தாழ்ந்து கிடைத்த மரியாதை என்றும் நாம் அதைக் கொள்ளலாம்.

இங்கே பொதுநிலையினராகிய உங்களுக்கும் ஒரு சொல். ‘நாங்கள் படிக்காத சனங்கள், சாமி, எல்லாம் நீங்களே பார்த்துச் செய்யுங்கள்’ என்ற வாக்கியம் பங்குப்பேரவைக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. பல நேரங்களில் அது பணிவு. சில நேரங்களில் பொறுப்பைக் கழற்றி வைக்கும் வழி. பல்கலைக்கழகப் பட்டமும் உயர்பதவியும் பெற்றவர்கூட, மறைநூலைத் திறக்கச் சொன்னால் இதே வாக்கியத்தில் ஒதுங்குவதைக் காண்கிறோம். அகுஸ்தினார் கணக்கில் அவரும் ‘ரூதிஸ்’தான். அவருக்கும் மறைக்கல்வி வேண்டும். அதைக் கேட்டுப் பெறும் உரிமையும் அவருக்கு உண்டு. திருநிலையினராகிய எங்களுக்கோ பவுலடியாரின் கேள்வி ஒன்றே போதும். நாம் பேசியது விளங்காமல் ஒருவர் ‘ஆமென்’ சொல்லாது திரும்பினால், அன்று கல்லாதவர் யார் என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

பேதுருவையும் யோவானையும் அந்தச் சங்கம் எச்சரித்து விடுவித்தது. அவர்கள் நேரே தம்மவரிடம் சென்று நடந்ததைச் சொன்னார்கள். கேட்ட அனைவரும் ஒருமனப்பட்டு மன்றாடினார்கள். அவர்கள் கூடியிருந்த இடம் அதிர்ந்தது என்கிறார் லூக்கா. அந்தக் கூட்டத்தில் எழுத்தறிந்தவர் எத்தனை பேர், அறியாதவர் எத்தனை பேர் என்று அவர் கணக்கெடுக்கவில்லை.